ஒரு நாள் குதிரை ரேஸை நாகர்கோவிலில் இருந்து படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பந்தயத் திடல் கிடையாது. பக்கத்தில் கேரளத்திலும் கிடையாது. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்து ரேஸ் கார்டு (அன்றைய ஓட்டங்களும் குதிரைகளும் உள்ள பட்டியல்) படிப்பவருக்குக் குதிரையை நேரில் பார்க்க வழியில்லை. மைதானத்துப் பேச்சும் காதில் விழாது. கையில் இருப்பது கார்டும் பழைய ஓட்டங்களின் வீடியோவும்தான். அவை இரண்டையும் ஒழுங்காகப் படித்தாலே ஒரு ரேஸைப் பற்றித் தெரியவேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு குதிரை எந்தச் சூழ்நிலையில் அப்படி ஓடியது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் சொல்கிறோம்.

எந்த ஊர் ரேஸைப் பின்பற்றுவது?

ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், மும்பை, புனே, கொல்கத்தா, டெல்லி என்று எல்லா ஊர் கார்டையும் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. ஐம்பது அறுபது குதிரைகளின் குணம் தெரிந்தவருக்குக் கிடைக்கும் பிடி, ஆயிரம் குதிரைகளின் பெயர் மட்டும் தெரிந்தவருக்குக் கிடைக்காது.

தமிழ்நாட்டில் கிண்டியும் உதகையும்தான் திடல்கள். 2024-ல் உதகைத் திடலைத் தமிழக அரசு தன் வசம் எடுத்தது. அதே ஆண்டு கிண்டித் திடலின் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. ஆகவே அந்த இரண்டு ஊர்களின் தேதிகளை அந்தந்த நேரத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை பெங்களூருவும் மைசூருவும் சேர்ந்த வட்டாரம். பெங்களூருவில் கோடை சீசனும் குளிர்கால சீசனும் நடக்கும்; இடையில் மழைக்காலத்தில் மைசூருவின் பெரிய சீசன். பெரும்பாலும் அதே குதிரைகள், அதே ட்ரெயினர்கள், அதே ஜாக்கிகள்தான் இரண்டு ஊருக்கும் போய் வருவார்கள். ஒரு வருடம் விடாமல் பார்த்தால் ஒரு குதிரையின் முழு வாழ்க்கையும் கண்ணில் பட்டுவிடும்.

கார்டை எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

பலர் ஜாக்கி பெயரில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. நாங்கள் சொல்லும் வரிசை இது: முதலில் ரேஸின் நிபந்தனை, அதாவது தூரம், எந்த ரேட்டிங் வகுப்பு, ஹேண்டிகேப்பா (திறமைக்கு ஏற்ற எடை) டெர்ம்ஸா (ரேட்டிங் பாராமல் விதிப்படி எடை). அடுத்து ஒவ்வொரு குதிரையும் அந்தத் தூரத்தில் முன்பு என்ன செய்தது. பிறகு எடை. பிறகு கேட் எண், அதாவது உள்வேலியில் இருந்து எத்தனையாவது இடத்தில் புறப்படுகிறது என்பது. பிறகு கடைசி ஓட்டத்துக்குப் பின் எத்தனை நாள் இடைவெளி, அதற்குள் என்ன டிராக் வேலை (காலைப் பயிற்சி ஓட்டம்). அதன் பிறகே ஜாக்கி, ட்ரெயினர், கண்மூடி போன்ற சாமான்கள்.

முந்தின நாள் இரவு முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். ரேஸ் நாள் காலையில் மூன்றை மட்டும் மறுபடி பாருங்கள்: விலக்கப்பட்ட குதிரைகள், ஜாக்கி மாற்றம், தரையின் நிலை. முன்னோடும் ஒரு குதிரை விலகினாலே ரேஸின் உருவம் மாறிப்போகும். ராத்திரி போட்ட கணக்கைக் காலையில் அப்படியே நம்புவதில்தான் நிறையத் தவறு நடக்கிறது.

குதிரை பெயர் பக்கத்தில் உள்ள எண்களை எப்படி வாசிப்பது?

கடைசி ஓட்டங்களில் வந்த இடங்கள் அவை. எந்தப் பக்கம் சமீபத்திய ஓட்டம் என்பது கார்டுக்குக் கார்டு வேறுபடலாம். முன்பக்கத்துக் குறிப்பைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இதை விட்டுவிட்டு, தேறி வருகிற குதிரையைத் தேய்ந்து போகிற குதிரை என்று படித்தவர்கள் உண்டு.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆறாவது வந்த குதிரை ஜெயித்ததற்கு 3 லெங்த் பின்னால் வந்திருக்கலாம். இரண்டாவது வந்த குதிரை 8 லெங்த் பின்னால் வந்திருக்கலாம். ஆறாவதே மேல். ஆகவே ‘எத்தனையாவது’ என்பதற்குப் பதில் ‘எவ்வளவு பின்னால்’ என்று எழுதி வையுங்கள். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், ஏறத்தாழ 2.4 மீட்டர். 1200 மீட்டரை 72 விநாடியில் ஓடும் குதிரை விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. அப்படியானால் ஒரு விநாடி என்பது 6 முதல் 7 லெங்த். நேரப் பட்டியலை லெங்த்தாக மாற்றிப் பார்க்க இந்த ஒரு கணக்கு போதும்.

ரேட்டிங், ஹேண்டிகேப் என்றால் என்ன?

திறமைக்கு ஏற்ப எடை ஏற்றி எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு வாய்ப்புத் தர முயல்வது ஹேண்டிகேப். ஒவ்வொரு குதிரைக்கும் ஹேண்டிகேப்பர் ஒரு ரேட்டிங் எண் போடுவார். இந்தியாவில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 40 ரேட்டிங் குதிரை 60 கிலோ சுமந்தால் 30 ரேட்டிங் குதிரை 55 கிலோ சுமக்கும். ஜாக்கி, சேணம், தேவைப்பட்டால் ஈயத் தகடு எல்லாம் சேர்ந்ததுதான் இந்த எடை.

வகுப்புகளுக்கு எல்லை உண்டு: 00–25, 20–45, 40–65, 60–85, அதற்கு மேல். எல்லைகள் ஒன்றோடொன்று ஐந்து புள்ளி மேற்படுவதைக் கவனியுங்கள். படிக்க வேண்டிய சங்கதி அங்கேதான் இருக்கிறது. 44 ரேட்டிங் உள்ள குதிரை 20–45 வகுப்பில் உச்ச எடையை ஒட்டிச் சுமக்கும். அதே குதிரை 40–65 வகுப்பில் இறங்கினால் ஏறத்தாழ பத்து கிலோ குறைந்த எடை. ‘வகுப்பு ஏறிவிட்டது, கஷ்டம்’ என்று ஒருவர் சொல்வார், ‘எடை இறங்கிவிட்டது, சுலபம்’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் பாதி உண்மை. கீழ் வகுப்பில் முன்னால் போய் நிதானமாக ஓடிப் பழகிய குதிரைக்கு மேல் வகுப்பின் முதல் 400 மீட்டர் வேகமே மூச்சு வாங்கவைக்கும். எடை குறைந்தும் பயனில்லை. பின்னால் இருந்து வருகிற குதிரைக்கு அந்த வேகமே உதவி, கூடவே குறைந்த எடை. ஆகவே வகுப்பு மாறும்போது குதிரையின் ஓட்டப் பாணியைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு குறிப்பு: உச்ச எடைக் குதிரை இறங்காவிட்டால் மற்றவற்றின் எடையை மொத்தமாக உயர்த்துவது உண்டு. எண்ட்ரியில் (முதலில் வெளியாகும் பெயர்ப் பட்டியலில்) பார்த்த எடையும் கடைசிக் கார்டில் உள்ள எடையும் வேறாக இருப்பது அதனால்தான்.

எடைக் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

கணக்கைக் காட்டுவதற்காக இரண்டு கற்பனைக் குதிரைகள். பெயர் கறுப்பன், செவலை என்று வைத்துக்கொள்வோம்.

போன மாதம் 1400 மீட்டரில் கறுப்பன் 58 கிலோ, செவலை 54 கிலோ. கறுப்பன் 2 லெங்த் வித்தியாசத்தில் முதலாவது, செவலை இரண்டாவது. இப்போது அதே தூரம், அதே வகுப்பு. கறுப்பனுக்கு 6 புள்ளி கூட்டி 61 கிலோ. செவலைக்கு ஒரு புள்ளி குறைத்து 53.5.

முன்பு வித்தியாசம் 4 கிலோ, இப்போது 7.5. செவலைக்குச் சாதகமாக 3.5 கிலோ நகர்ந்திருக்கிறது. 1400–1600 மீட்டரில் ஒரு கிலோவுக்கு ஒரு லெங்த் என்று வைத்துக்கொள்வது ஒரு நல்ல தோராயம். 1000–1200 மீட்டரில் ஒரு லெங்த்துக்கு ஒன்றேகால் கிலோ, 2000-க்கு மேல் முக்கால் கிலோ அல்லது அதற்கும் கீழே. தூரம் கூடக்கூட எடை அதிகம் உறைக்கும். அப்படியானால் 3.5 லெங்த் மாற்றம். முன்பு 2 லெங்த் பின்னால் வந்த செவலை இப்போது காகிதத்தில் 1.5 லெங்த் முன்னால்.

இங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வீடியோவை எடுத்துக் கடைசி 200 மீட்டரைப் பாருங்கள். கறுப்பனின் ஜாக்கி சாட்டையைத் தொடாமல், கடைசி 50 மீட்டரில் கையை அசைக்காமல் வந்தாரா? அப்படியென்றால் அந்த 2 லெங்த் உண்மையில் 4 ஆகவும் இருக்கலாம். கணக்கு முழுதும் சரிந்துவிடும். செவலை வளைவில் வெளியே தள்ளப்பட்டு வந்ததா? அப்படியென்றால் கணக்கு இன்னும் வலுக்கும். எடைக் கணக்கு எங்கே கேள்வி கேட்பது என்று காட்டும். பதில் வீடியோவில் இருக்கிறது.

கேட் எண் அவ்வளவு முக்கியமா?

வளைவுக்கு முன் எவ்வளவு நேர் ஓட்டம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடங்கியவுடனே வளைவு வரும் தூரங்களில் வெளிக் கேட் பெரிய சுமை. ஏன் என்று ஒரு நோட்டில் வரைந்தே பார்க்கலாம். ஒரு முழு அரைவட்ட வளைவில் உள்வேலியில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரை 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வளைவின் ஆரம் பெரிதோ சிறிதோ, கணக்கு அதேதான். இரண்டு மீட்டர் வெளியே என்றால் 6.28 மீட்டர், அதாவது இரண்டரை லெங்த்துக்கு மேல். முந்தின ஓட்டத்தில் இப்படி வெளியே ஓடி 3 லெங்த்தில் தோற்ற குதிரைக்கு இன்று 2-ம் கேட் கிடைத்தால், அது தோற்றதாகவே நினைக்கத் தேவையில்லை.

இதே காரணத்தால் ஃபால்ஸ் ரெயில் குறிப்பையும் விடாதீர்கள். மிதிபட்ட உள்புறத்தைக் காப்பாற்ற வேலியைச் சில மீட்டர் வெளியே நகர்த்துவார்கள். அன்று உள்ளே ஓடும் குதிரைக்கும் புதிய புல் கிடைக்கும். வேலி திரும்ப உள்ளே போன நாளில் உள்புறம் நைந்திருக்கலாம். அப்போது வேலியோரம் ஒட்டிவந்த குதிரைகள் கடைசியில் தளர்வதைப் பார்க்கலாம். அன்றைய முதல் இரண்டு ரேஸில் ஜெயித்தவை எந்தப் பாதையில் வந்தன என்று குறித்துக்கொண்டால் மூன்றாவது ரேஸில் இருந்து உதவும்.

மழையை எப்படிக் கணக்கில் எடுப்பது?

முதலில் நம் ஊர் வானத்தை மறந்துவிடுங்கள். இடவப்பாதி மழை இங்கே கொட்டும் நாளில் மைசூருவில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். துலா மாதத்தில் இங்கே வெள்ளம் போகும்போது அங்கே தரை காய்ந்திருக்கலாம். தக்கலையில் குடை பிடித்துக்கொண்டு பெங்களூரு தரை ஈரம் என்று முடிவு கட்டக் கூடாது.

திடலில் பெனட்ரோமீட்டர் என்ற கருவியைத் தரையில் இறக்கி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, அந்த எண்ணை ரேஸ் நாளில் வெளியிடுவார்கள். எண் கூடினால் தரை இளகியிருக்கிறது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் அந்த எண்ணை எழுதினால், ஒரு சீசன் முடிவதற்குள் எந்தக் குதிரைக்கு ஈரத் தரை பிடிக்கும் என்று நீங்களே சொல்லலாம். இளகிய தரையில் தூரம் நீண்டது போலாகிவிடும். 1400-ல் மூச்சை எண்ணி ஓடும் குதிரை அங்கே கடைசி 200 மீட்டரில் நின்றுபோகும். நேரங்களையும் காய்ந்த தரை நேரத்தோடு ஒப்பிட முடியாது.

டிராக் வேலை நேரங்களை எவ்வளவு நம்பலாம்?

‘1000 மீட்டர் 1-07, 600 மீட்டர் 39, இலகுவாக’ என்கிற மாதிரி வரும் காலை ஓட்டக் குறிப்புகள் இவை. எண்ணைவிடக் கடைசியில் வரும் ஒரு சொல்லுக்குத்தான் மதிப்பு. இழுத்துப் பிடித்தபடி 39-ல் முடித்த குதிரை, விரட்டி 38-ல் முடித்த குதிரையைவிட மேல். உள் மணலா வெளி மணலா என்பதையும் பாருங்கள், நேரம் மாறும். கூடவே ஓடிய குதிரை எது, அது எந்த ரேட்டிங் என்றும் பாருங்கள்: 20 ரேட்டிங் குதிரை 60 ரேட்டிங் குதிரைக்கு ஈடுகொடுத்து ஓடியிருந்தால் அது செய்தி.

மூன்று மாதத்துக்கு மேல் ஓய்வில் இருந்து திரும்பும் குதிரைக்கு டிராக் வேலைதான் ஒரே சாட்சி. மாக் ரேஸ் (ஒத்திகை ஓட்டம்) ஓடியிருக்கிறதா, ரேஸ் தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வேலையாவது செய்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அன்றைய ஓட்டம் உடம்பைத் திறக்கத்தான் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்துக்குக் குறித்து வையுங்கள். ஓய்வுக்குக் காரணம் மூக்கில் ரத்தம் வந்ததா, கால் நொண்டியதா என்பதும் பழைய ரேஸ் அறிக்கையில் இருக்கும். ரத்தம் வந்த குதிரை மறுபடி நெருக்கடியில் தயங்குவது உண்டு.

ஒரே ஒரு பளபளப்பான காலை ஓட்டத்தை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். காலையில் புலி, மாலையில் பூனை என்று சில குதிரைகள் உண்டு. முந்தின மூன்று ஓட்டங்களுக்கு முன்பும் டிராக் வேலை நன்றாகத்தான் இருந்ததா என்று திருப்பிப் பாருங்கள்.

ரேஸின் வேகத்தை முன்கூட்டியே ஊகிக்க முடியுமா?

முடியும். பலர் செய்யாத வேலை இது. எங்கள் பார்வையில் எடைக்கு அடுத்தபடி அதிகப் பலன் தருவதும் இதுதான். ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் மு, ந, பி என்று எழுதுங்கள்: முன்னோடி, நடுவில் ஓடுவது, பின்னால் இருந்து வருவது. கடைசி மூன்று ஓட்டங்களின் வீடியோவில் முதல் 400 மீட்டரைப் பார்த்தாலே தெரியும். பத்துக் குதிரையில் ஒரே ஒரு ‘மு’ இருந்தால் அது தன் இஷ்டத்துக்கு வேகத்தை வைத்துக்கொள்ளும். கடைசியில் பிடிப்பது கஷ்டம். சாதாரண ஃபார்ம் (சமீபத்திய ஓட்டங்களின் தரம்) உள்ள முன்னோடிகூட அன்று ஜெயிக்கும். மூன்று ‘மு’ இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ‘பி’ குதிரைக்கு அன்று வழி திறக்கும்.

முந்தின ஓட்டத்தின் தோல்விக்கும் இதிலேயே விளக்கம் கிடைக்கும். மூன்று முன்னோடிகளோடு மல்லுக்கு நின்று ஏழாவது வந்த குதிரை இன்று தனி முன்னோடியாக இறங்கினால், அந்த ‘7’ என்ற எண்ணைக் காகிதத்தில் இருந்தே அடித்துவிடலாம்.

ஜாக்கி, ட்ரெயினர், சாமான்கள்?

நல்ல ஜாக்கி சுமாரான குதிரையை நல்ல குதிரையாக்க மாட்டார். ஜாக்கி மாற்றத்தின் காரணத்தைப் பாருங்கள்: 50 கிலோவுக்கு மூத்த ஜாக்கியால் எடை இறக்க முடியாததால் மாறியிருக்கலாம். அப்ரென்டிஸ் (பயிற்சி நிலை) ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்டு, வெற்றிகள் கூடக்கூட அது குறையும்; 1000–1200 மீட்டர் வேக ரேஸில் அந்தச் சலுகை பலன் தரும், நெரிசலான நீண்ட ரேஸில் அனுபவக் குறைவு அதைத் தின்றுவிடும். ஒரே லாயத்தில் இருந்து இரண்டு குதிரை ஓடினால் முதல் ஜாக்கி எதைத் தேர்ந்தார் என்பது ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

பிளிங்கர்ஸ் (கண்மூடி) முதல்முறை போட்டால் கவனியுங்கள்; அங்குமிங்கும் பார்க்கும் குதிரையை அது நேராக்கும், ஏற்கெனவே முரட்டு வேகம் உள்ளதை இன்னும் முரடாக்கும். நாக்கைக் கட்டுவது மூச்சு அடைக்காமல் இருக்க.

விலை எப்படிப் பார்ப்பது? ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடித்தால் போதாதா?

போதாது. 100 ரேஸில் 40 முறை ஜெயிக்கும் குதிரையைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், அதற்குக் கிடைக்கும் விலை (ஓட்ஸ், அதாவது வைத்த பணத்துக்கு எத்தனை மடங்கு லாபம் என்பது) ஒன்றுக்கு ஒன்று என்றால் நாளடைவில் நஷ்டம்தான். ஓட்ஸைச் சதவீதமாக மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள்: 1/1 என்றால் 50, 3/1 என்றால் 25, 4/1 என்றால் 20, 6/1 என்றால் 14.3, 10/1 என்றால் 9.1, 15/1 என்றால் 6.25. இந்த ஆறும் ஒரே ரேஸில் உள்ள ஆறு குதிரைகளின் விலை என்றால் கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 125 வரும். நியாயமான கூட்டு 100. மேலே நிற்கும் 25 புக்கியின் (பந்தயப் பணம் வாங்குபவரின்) பங்கு.

அதற்கு மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 100 ரூபாய் பந்தயத்துக்கு வரியை மேலே கட்டுவதாக வைத்துக் கணக்குப் போட்டால் கையில் இருந்து போவது 140. ஒன்றுக்கு ஒன்றில் ஜெயித்தால் திரும்புவது 200, லாபம் 60. தோற்றால் 140 போச்சு. அதாவது 1/1 விலையுள்ள குதிரை 70 சதவீதம் ஜெயித்தால்தான் கை கடிக்காது. 4/1 குதிரைக்கு 20 சதவீதம் போதாது, 28 வேண்டும். பெரிய தொகை ஜெயித்தால் வருமான வரிப் பிடித்தம் தனி. வெற்றித் தொகைக்கு வரி 30 சதவீதம்.

இந்தக் கணக்கை மறைத்துவிட்டு ஃபார்ம் படிக்கச் சொல்லித் தருவது நேர்மையாகாது. ஃபார்ம் படிப்பது உண்மையான திறமை. அந்தத் திறமையின் பலனைத் தாண்டி நிற்கிறது இன்றைய வரியும் புக்கியின் பங்கும். காசு வைக்காமல் நோட்டில் மட்டும் விளையாடுகிறவர்களுக்கு நாங்கள் முழு மனதோடு ஆதரவு. செஸ் புதிர் போடுவது மாதிரி அதுவே நிறைவான பொழுதுபோக்கு.

ஒரு நாளில் எட்டு ரேஸ். எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு ரேஸுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினாலே வீடியோவோடு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட வேண்டியவை: பாதிக்கு மேல் புதுமுகக் குதிரைகள் ஓடும் ரேஸ், 00–25 வகுப்பில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் மாறி மாறித் தோற்றுக்கொண்டிருக்கும் ரேஸ், மழை பெய்து தரை எண் திடீரென மாறிய நாள். எடுத்துக்கொள்ள வேண்டியவை: 40–65, 60–85 வகுப்பில் எட்டு பத்துக் குதிரைகள், பாதிக்கு மேல் ஒன்றோடொன்று முன்பே மோதியவை. எடைக் கணக்கு அங்கேதான் வாய் திறக்கும்.

வாட்ஸ்அப்பில் ‘உள் செய்தி’ வருகிறதே, நம்பலாமா?

நம்ப வேண்டாம். எட்டுக் குதிரை ரேஸுக்கு 800 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் வேறு குதிரையை அனுப்பினால் 100 பேருக்கு ‘டிப்ஸ் பலித்தது’. அந்த 100 பேரை மறுபடி எட்டாகப் பிரித்தால் 12 பேருக்கு இரண்டு முறை பலித்திருக்கும். அந்த 12 பேரிடம்தான் மூன்றாவது டிப்ஸுக்குக் காசு கேட்பார்கள். அனுப்புபவருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. காரணம் சொல்லாத டிப்ஸ் என்றால் படிக்காமலே அழித்துவிடுங்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தை மட்டும் கார்டில் சரிபாருங்கள்.

சட்டப்படி எப்படி?

1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு உரிமம் பெற்ற திடலுக்கும் அதன் அனுமதி பெற்ற டோட் (திடலே நடத்தும் பந்தயக் கவுண்டர்), புக்கிகளுக்கும்தான். ஊரில் தெரிந்தவரிடம் சீட்டு எழுதுவதும் போனில் காசு அனுப்பி ‘போட்டுவிடு அண்ணே’ என்பதும் அதற்குள் வராது. ஜெயித்த காசை அவர் தராவிட்டால் கேட்க உங்களுக்கு வழியும் இல்லை.

நேரில் போய்ப் பார்க்க என்ன வழி?

நாகர்கோவிலில் சாயங்காலம் புறப்படும் பெங்களூரு ரயில் மதுரை, சேலம் வழியாக மறுநாள் காலை சேர்க்கும். கன்னியாகுமரியில் காலையில் கிளம்பும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரம், பாலக்காடு சுற்றி மறுநாள் காலை சேர்க்கும். திடல் பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்தில் இருந்து கொஞ்ச தூரம்தான்.

போனால் ஓட்டத்தைவிட பாடக்கில் (ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) அதிக நேரம் நில்லுங்கள். நடக்கும்போது பின்னங்கால் குளம்பு முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று பாருங்கள். தளர்வாக, நீளமாக நடக்கும் குதிரை உடம்பில் இறுக்கம் இல்லாதது. தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை, வாலை அடித்துக்கொண்டே இருப்பது, சேணம் கட்டும்போது மிரள்வது ஆகியவை ரேஸுக்கு முன்பே சக்தியைக் கரைக்கும் அடையாளங்கள். வெயில் நாளில் கழுத்து வியர்வை சகஜம். முக்கியமானது, அதே குதிரை போன முறை எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுவது. எப்போதும் நுரை தள்ளிக்கொண்டே ஜெயிக்கும் குதிரையும் உண்டு.

வீட்டில் ஒருவர் இதில் காசை விட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன செய்யலாம்?

விட்டதைப் பிடிக்கக் கடைசி ரேஸில் பெரிதாக வைப்பது, கடன் மறைப்பது, நகை அடகு போவது என்று வந்துவிட்டால் அது ஃபார்ம் படிப்பு அல்ல. கடனை அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது உதவாது. டெலிமானஸ் 14416 என்ற அரசு எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. தயங்காமல் கூட்டிப் போங்கள்.

ரேஸ் முடிந்த பிறகு என்ன எழுதுவது?

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, ஊர், தூரம், பெனட்ரோமீட்டர் எண், ஃபால்ஸ் ரெயில், நீங்கள் முதலில் வைத்த குதிரை, அதற்கு நீங்கள் போட்ட சதவீதம், சந்தை விலை, முடிவு. கடைசிப் பத்தி ‘ஏன்’. ‘துரதிர்ஷ்டம்’ என்று எழுதத் தடை. வளைவில் வெளியே போனது, வேகம் அதிகம், எடை தாங்கவில்லை என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஜெயித்த குதிரையைவிட, நான்காவது ஐந்தாவது வந்தும் வழி கிடைக்காமல் அடைபட்ட குதிரைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அந்தப் பெயர் கார்டில் மறுபடி வரும். அன்று எந்தக் கேட், எந்தத் தூரம், எத்தனை கிலோ என்று பார்ப்பதில் இருந்து அந்த ரேஸைத் தொடங்கலாம்.